ஓகே வாங்காத லோடு

முதல் ஷீட்டுக்கு ஓகே வாங்காமல் கோட்டைச்சாமி லோடு ஓட்ட மாட்டான். சிவகாசியில் அட்டைப்பெட்டி வெட்டுகிற கம்பெனிகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பஞ்சிங் மிஷினில் டை என்கிற வெட்டு அச்சை மாட்டி, அழுத்தம் பார்த்து, முதல் அட்டையை வெட்டி எடுத்ததும் மிஷினை நிறுத்திவிடுவான். ஆர்டர் கொடுத்த பார்ட்டி நேரில் வர வேண்டும். அந்த அட்டையை மடக்கிப் பெட்டியாக்கிப் பார்த்து, அதன் மேலேயே பேனாவால் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் மிச்சம் ஓடும்.

ஒரு தடவை பட்டாசுப் பெட்டிக்காரர் ஒருத்தர் சாயங்காலம் வரைக்கும் வந்து சேரவில்லை. முதலாளி நவநீதகிருஷ்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஓட்டுப்பா, நான்தான் சொல்லுதேன்ல" என்றார். கோட்டைச்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். "நீங்க சொல்லலாம் மொதலாளி. பெட்டி உங்களுக்கா போகுது? அவுகளுக்குப் போகுது. அவுகதான் பாக்கணும்." முதலாளிக்குக் கோபம் வந்தாலும் மறுபேச்சு வரவில்லை. தப்பாக ஓடின லோடை எடைக்குத்தான் போட முடியும் என்று அவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷன் ஆயுசில் ஒரே ஒரு லோடை ஓகே வாங்காமல் ஓட்டினான். அந்தப் பார்ட்டி யார் என்று கேட்கிறீர்களா? அவன் பெண்டாட்டி செல்வலட்சுமி.

செல்வலட்சுமிக்குப் பட்டாசு ஆபீஸில் வேலை. பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் ஊரான எம். புதுப்பட்டியில் பாதிப் பொம்பளைகளுக்கு அதுதான் வேலை. காலையில் வேன் வரும், தூக்குவாளியோடு ஏறிக்கொள்வார்கள். அவள் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து அடைப்பாள். அவள் அடைக்கிற பூச்சட்டிக்கு அவன் பெட்டி வெட்டுவான். "நான் உள்ள, நீங்க வெளிய" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். போன சித்திரைக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

சித்திரையில் அவள் வேலை பார்க்கிற மருந்து ரூமுக்குப் பக்கத்து ரூமில் தீப்பிடித்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அதனால் பேப்பரில்கூட வரவில்லை. செல்வலட்சுமி வெறுங்காலோடு கருவேலங்காட்டுக்குள் ஓடி, ரோட்டுக்கு வந்து, யாருடைய பைக்கிலோ ஏறி வீடு வந்து சேர்ந்தாள். காலில் ஏறின முள்ளெல்லாம் ஆறிப்போயிற்று. கைதான் ஆறவில்லை. வேலைக்குத் திரும்பிப் போனபோது, மருந்துத் தட்டைக் கண்டதும் வலது கை விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இடது கையால் பிடித்துப் பார்த்தாள். அப்போது இரண்டும் சேர்ந்து நடுங்கின.

"எனக்கு என்னமும் ஆனா ஆகிட்டுப் போகுது" என்றாள் கோட்டைச்சாமியிடம். "என் கை நடுங்கி, பக்கத்துல உக்காந்திருக்க ஞானசுந்தரிக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அவ பிள்ளைக மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"இந்த சீசனோட நின்னுரு" என்றான் அவன். "அதுக்குள்ள ஏதாச்சும் வழி பண்ணிருவோம்." மனசாரத்தான் சொன்னான். ஆனால் மகள் பானுப்பிரியா விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் வேலையில் வீடு நடக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் அந்தப் பேச்சு அப்படியே கிடந்தது.

வழியைக் கண்டுபிடித்தது ஞானசுந்தரிதான். பக்கத்து வீட்டுக்காரி, வேனில் பக்கத்து சீட்டுக்காரி, மருந்து ரூமிலும் பக்கத்தில் உட்காருகிறவள். அவளுடைய தங்கச்சி கரூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போர்வை தைத்துக் கொடுக்கிறாளாம். சும்மா போர்வை இல்லை. விதவிதமான துணியைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாக ஒட்டுச் சேர்த்து, அடியில் பஞ்சு விரித்து, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டியது. வெளிநாட்டில் அதற்குக் குயில்ட் என்று பேராம்.

"ஒட்டுப்போட்ட துணிக்கு இம்புட்டு மவுசா?" என்று கோட்டைச்சாமி கேலி செய்தான்.

செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே தையல் படித்தவள் அவள். தெருவில் பாதி ஜாக்கெட் அவள் தைத்ததுதான். தங்கச்சிக்காரி அனுப்பின படத்தைப் போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். அந்த வாரமே வீட்டிலிருந்த துணியில் ஒன்று தைத்து அனுப்பினாள். கம்பெனியிலிருந்து கதிரவன் என்று ஒரு பையன், முப்பது வயசு இருக்கும், பைக்கில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான்.

"தையல் சுத்தமா இருக்குக்கா" என்றான். "முனை எல்லாம் கரெக்டா சேருது. எங்க ஆளுங்களுக்கே இது வர ரொம்ப நாளாகும்."

அடுத்த தடவை துணி மூட்டையோடு வந்தான். வடக்கே எங்கேயோ கையால் அச்சுக் குத்தின பருத்தித் துணி. அவுரி நீலமும் வெள்ளையும் பழுப்புமாகக் கண்ணைப் பறித்தது. இருபது போர்வைக்கு உண்டான துணி. இது நன்றாக வந்தால் வருசம் முழுக்க வேலை உண்டு, இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னான். "பாத்து வெட்டுங்கக்கா. இந்த நீலம் இம்புட்டுதான் இருக்கு. மறுபடி சாயம் போட்டா இதே நிறம் வராது."

மறுநாள் செல்வலட்சுமி ஆபீஸில் ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டாள். ஞானசுந்தரி, "நீ மொதல்ல காலை ஊனு. ஆர்டர் நிலைச்சதும் நானும் வந்துருதேன்" என்றாள். அன்று செல்வலட்சுமி வீட்டில் கறிக்குழம்பு வைத்தாள். ஊற்றும்போது அகப்பை ஆடவில்லை என்பதைக் கோட்டைச்சாமி கவனித்தான்.

தைப்பது அவளுக்கு லேசு, வெட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு போர்வைக்கே நூற்றுக்கணக்கில் துண்டு. பழைய காலண்டர் அட்டையில் சதுரமும் முக்கோணமும் வெட்டி வைத்திருந்தாள். அதைத் துணி மேல் வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, கத்தரியால் வெட்டுவாள். ஒரு வாரத்தில் கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்தது. அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள்.

வேலை விட்டு வந்து, டீ குடித்துக்கொண்டே கோட்டைச்சாமி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொப்புளத்தைப் பார்த்தான். இன்னொன்றையும் பார்த்தான். கத்தரி கோட்டின் மேல் போகவில்லை. எல்லாத் துண்டிலும் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் போயிற்று. இருபது வருசமாகக் கோட்டின் மேல் வெட்டிப் பிழைக்கிறவன் கண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? பாவம், கை இன்னும் சரியாகவில்லை போல என்று நினைத்தான். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் வருத்தப்படுவாளே என்று ஒரு கரிசனம். அந்தக் கரிசனத்தைத் தூக்கி உடைப்பில் போட்டுவிட்டு வாயைத் திறந்து கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த நேரம் பார்த்து பானுப்பிரியா ஒரு வீடியோ அனுப்பினாள். வெள்ளைக்காரம்மா ஒருத்தி மேஜை மேல் சின்ன மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, டையின் மேல் துணியை அடுக்கி, கைப்பிடியைச் சுற்றுகிறாள். அந்தப் பக்கம் துண்டு துண்டாக முக்கோணம் வந்து விழுகிறது. கோட்டைச்சாமி எழுந்து உட்கார்ந்தான். இது நம்ம பஞ்சிங் மிஷினல்லவா! இவள் கையால் சுற்றுவதை நாம் மோட்டாரில் அடிக்கிறோம், அவ்வளவுதானே வித்தியாசம்? அந்தம்மா ஆரம்பத்தில் துணியையும் அளவுகோலையும் காட்டி இங்கிலீஷில் நீளமாக ஏதோ பேசினாள். அந்த இடத்தைத் தள்ளிவிட்டு, மிஷின் ஓடுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"இந்தா, கத்தரிய கீழ போடு" என்றான் செல்வலட்சுமியிடம். "மிச்சத் துணியப் பூரா ஒரு ஞாயித்துக்கிழமையில நான் வெட்டித் தந்துருதேன்."

"அட்டை வெட்டுற மிஷின்ல துணி வெட்ட முடியுமா?"

"என்ன இப்பிடிக் கேட்டுட்ட. அது இரும்புக்குச் சமானமான அட்டையவே வெட்டும்."

அவள் யோசித்தாள். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு காலண்டர் அட்டையில் வெட்டின சதுரத்தையும் முக்கோணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். "இதான் அளவு. பாத்துப் பண்ணுங்க."

அளவு என்றால் இரண்டு பேருக்கும் இரண்டு அளவு. தையல்காரி அளவு என்று சொல்வது தைத்து முடித்த பிறகு வருகிற அளவை. தையல் பிடிக்கிறதற்குச் சுற்றிலும் கால் இஞ்சு விட்டு வெட்ட வேண்டும் என்பதை அவள் வரைய மாட்டாள், சொல்லவும் மாட்டாள். அது கத்தரிக்கே தெரியும். பெட்டிக்காரன் சமாச்சாரம் வேறு. பெட்டியில் பசை தடவி ஒட்டுகிற ஓரம்கூட வரைபடத்தில் கோடாக இருக்கும். கோட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. இருபது வருசமாக ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து எழுந்தவர்களுக்கு இது மட்டும் பேச்சில் வரவே இல்லை.

டை செய்கிறவன் சங்கரலிங்கம். கோட்டைச்சாமிக்குத் தம்பி மாதிரி. பிளைவுட் பலகையில் வாளால் கோடு அறுத்து, அந்தக் கோட்டுக்குள் கூரான எஃகுப் பட்டையை வளைத்து இறக்கி, இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டி டையை முடித்தான். காலண்டர் அட்டையை அதன் மேல் வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசமில்லை.

"மதினி பாத்தாகளாண்ணே?" என்று கேட்டான்.

"அளவு குடுத்ததே அவதாம்லே."

"அளவு குடுத்தாக, சரி. டைய ஒரு வாட்டி காட்டிருங்களேன்."

"டையப் பத்தி அவளுக்கு என்னலே தெரியும்?"

சங்கரலிங்கம் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மிஷினைத் தந்தார். "நானும் வரட்டுமாங்க?" என்று கேட்டாள் செல்வலட்சுமி. "நீ ஒரு நாளாச்சும் கையக் கட்டிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு, துணி மூட்டையை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு போனான். ஆளில்லாத கம்பெனியில் மிஷின் ஓடுகிற சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். துணி வழுக்கக் கூடாது என்று அடுக்குக்கு இடையில் வீணாய்ப்போன லேபிள் ஷீட்டை வைத்தான். முதல் அடி விழுந்தது. எடுத்துப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை, ஒரு நூல் தொங்கவில்லை. எட்டு அடுக்கும் ஒரே அளவு. அவுரி நீல முக்கோணத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பெண்டாட்டிக்கு இப்படி ஒன்று செய்து கொடுத்ததாக அவனுக்கு வேறு ஞாபகமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அப்போது போன் வந்தது.

"வெட்ட ஆரம்பிச்சுட்டீகளா?"

"அல்வாத்துண்டு மாதிரி விழுது."

"மொதல்ல ஒண்ணு கொண்டாந்து காட்டிட்டுப் போறீகளா? தச்சுப் பாத்துருதேன்."

"இதுக்காக அம்புட்டுத் தூரம் வரவா? நீ குடுத்த அளவுதான், நூல் பிசகாது. போனை வையி."

அவள் வைத்துவிட்டாள். முகம் தெரியாத எவனோ ஒரு பட்டாசுக்காரனுக்காகச் சாயங்காலம் வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன், அன்றைக்கு மிஷினை நிறுத்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தவில்லை. துணி முழுவதும் வெட்டித் தீர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. துண்டுகளைச் சதுரம் தனி, முக்கோணம் தனியாகச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினான். வருகிற வழியில் அல்வாவும் வாங்கியிருந்தான்.

ஞானசுந்தரியும் வந்திருந்தாள். செல்வலட்சுமி ஒரு முக்கோணத்தை எடுத்துத் தன் காலண்டர் அட்டை மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அட்டையைத் திருப்பி வைத்தாள். அப்போதும் ஒன்றாகவே இருந்தன.

"பாத்தியா, நூல் பிசகல" என்றான் கோட்டைச்சாமி.

"தையலுக்கு எங்க?" என்றாள் அவள்.

"என்னது?"

"தைக்கிறதுக்குத் துணி வேணும்லங்க? தையலுக்கு விடவே இல்லையே."

அவனுக்கு அப்போதும் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு முக்கோணத்தைச் சேர்த்துத் தைத்தாள். அதன் ஓரங்களையும் ஒரு சதுரத்தின் ஓரங்களையும் தையல் அளவுக்கு மடித்தாள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சதுரம் ஒரு அளவு சுருங்கியிருந்தது, முக்கோணம் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. இரண்டும் ஓரத்தோடு ஓரம் சேரவே இல்லை. நட்சத்திரத்தின் முனை இருக்க வேண்டிய இடத்தில் மொண்ணையாக ஒரு வெட்டு நின்றது.

"ஐயோ" என்று மெதுவாகச் சொன்னாள் ஞானசுந்தரி.

கோட்டைச்சாமி குத்துக்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பெட்டி என்றால் ஒரு பார்வையில் தப்பைச் சொல்லிவிடுவான். இதற்கும் ஒரு பார்வைதான் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பார்வையைப் பார்க்க வேண்டியவள் இங்கே வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன்தான் உட்காரச் சொன்னான்.

அப்புறம் இரண்டு நாள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தையலை ஓரத்தோடு ஓரமாகப் பிடித்துப் பார்த்தாள். பருத்தித் துணி, இழுத்தால் நூல் பிரிந்து கையோடு வந்தது. முக்கோணத்தை மட்டும் முக்கோணத்தோடு சேர்க்கலாமே என்றாள் ஞானசுந்தரி. சேர்க்கலாம், ஆனால் கம்பெனி கேட்டது நட்சத்திரம், அதுவும் சொன்ன நீள அகலத்தில். பானுப்பிரியாவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் வீடியோவை மறுபடி பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்பா, அந்தம்மா முதல்ல பேசுறதே அதத்தான். சுத்தி கால் இஞ்சு சேத்துதான் டை செய்யணும்னு சொல்றாங்க." கோட்டைச்சாமி போனைச் செல்வலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

அவள் அவனைத் திட்டியிருக்கலாம். தெருவே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ, "நானும் சொல்லியிருக்கணும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றாள். அது அவனை இன்னும் வதைத்தது. தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொள்வதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கதிரவன் வந்தான். சாக்கை அவிழ்த்துப் பார்த்தான். சத்தம் போடவில்லை. நல்ல பையன். ஒரு முக்கோணத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வெட்டு என்னமோ ரொம்ப நல்லா இருக்கு" என்றான்.

"தம்பி, இது என் தப்பு" என்றான் கோட்டைச்சாமி. "அவ கத்தரில வெட்டினது பூரா சரியா இருக்கு, அந்தா இருக்கு பாருங்க. கெடுத்தது நான்தான். இன்னொரு வாட்டி துணி குடுங்க. வேணும்னா நான் இந்தப் பக்கமே வரல."

"நம்புறேண்ணே. ஆனா யார் வெட்டினாங்கன்னு மேல கேட்க மாட்டாங்க. கப்பல் தேதி இருக்கு. இந்த நீலமும் தீந்துபோச்சு. வேற நிறத்துல வேற ஊர் குரூப்புக்குக் குடுத்துட்டாங்க." அவன் செல்வலட்சுமியைப் பார்த்துச் சொன்னான். "பின்னால ஏதாச்சும் வந்தா சொல்றேங்க்கா."

அவள் தலையாட்டினாள். அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பின்னால் ஒன்றும் வராது என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

பைக் போன பிறகு கோட்டைச்சாமி தரையில் உட்கார்ந்தான். அவள் கத்தரியால் வெட்டின துண்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. கோட்டுக்கு வெளியே, சுற்றிலும் ஒரே சீராகக் கால் இஞ்சு. எந்தப் பக்கம் அளந்தாலும் அதே கால் இஞ்சு.

"நான் ஒண்ணு சொல்லவா" என்றான். "நீ கோட்டுக்கு வெளிய வெட்டுறத தெனமும் பாத்தேன். கை நடுங்குது, அதான் வெலகிப்போகுதுன்னு நெனச்சேன்."

இந்த மொத்த விவகாரத்திலும் செல்வலட்சுமியின் முகம் மாறினது அப்போதுதான்.

"துணி வெட்டையில என் கை ஒரு நாளும் நடுங்கலங்க" என்றாள். "அதுக்குத்தான இந்த வேலையே வேணும்னு நின்னேன்."

பெண்டாட்டியின் கையை இருபது வருசமாகப் பார்த்தவன், நடுங்குகிற கைக்கும் நிதானமான கைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனானே. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் எழுந்து துண்டுகளைச் சாக்கில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். அவனும் கூட அள்ளினான்.

ஆபீஸில் சீசன் நேரம். ஆள் கிடைக்காமல் ஃபோர்மேன் தவித்துக்கொண்டிருந்தான். செல்வலட்சுமி போய்க் கேட்டதும், திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டான். லேபிள் ஒட்டுகிற வேலை கேட்டாள், அதில் ஆள் நிறைந்திருக்கிறது, பழைய இடம்தான் காலி என்றான். பழைய இடம் என்றால் மருந்து ரூம். "போக வேண்டாம்" என்றான் கோட்டைச்சாமி. "பெறகு?" என்றாள் அவள்.

சனிக்கிழமை அவன் சங்கரலிங்கத்தின் பட்டறைக்குப் போனான். புதுசாக ஒரு டை செய்யச் சொன்னான். முக்கோணம், சுற்றிலும் கால் இஞ்சு சேர்த்து. எதற்கு என்று சங்கரலிங்கம் கேட்கவில்லை. அன்றே அறுத்து, பட்டையை இறக்கி, ரப்பர் ஒட்டிக் கொடுத்தான். கம்பெனியில் எல்லாரும் போன பிறகு கோட்டைச்சாமி தன்னுடைய வெள்ளை வேட்டி ஒன்றின் ஓரத்தை மிஷினில் வைத்து, ஒரே ஒரு அடி அடித்தான். அடித்ததும் மிஷினை நிறுத்தினான்.

திங்கட்கிழமை காலை செல்வலட்சுமி தூக்குவாளியில் சோற்றை அடைத்து, வாசலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து வெள்ளை முக்கோணத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். கூடவே பேனாவையும் நீட்டினான்.

"என்னங்க இது?"

"மொதல் துண்டு. பாத்துச் சொல்லு."

அவள் அவனை ஒரு தடவை பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், வேன் வருகிற நேரம். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். காலண்டர் அட்டையைத் தேடி எடுத்துத் துணியின் நடுவில் வைத்தாள். மூன்று பக்கமும் விரலால் தடவி அளந்தாள். மடித்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். பெட்டிக்கார பார்ட்டி யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவன் நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சரியா இருக்கு" என்றாள்.

"எழுதிக் குடு."

தையல் மிஷின் பலகையில் துணியை விரித்து, ஓகே என்று எழுதி, கீழே செல்வலட்சுமி என்று முழுப் பேரையும் எழுதினாள். துணியில் மை ஊறாமல் நிதானமாக எழுதினாள். ஒரு எழுத்துகூட ஆடவில்லை.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. ஞானசுந்தரி, "ஏய், வா" என்று கூப்பிட்டாள். செல்வலட்சுமி துணியை அவன் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே தெருமுனை வரை போனான்.

"பாத்துப் போ" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு ஏறி, ஜன்னலோரம் ஞானசுந்தரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள். வேன் இன்னும் கிளம்பவில்லை, எஞ்சினையும் டிரைவர் போடவில்லை. அவள் கையில் தூக்குவாளியின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஞானசுந்தரி தன் கையை அதன் மேல் வைத்து அமுக்கிப் பிடித்தாள்.